சேணக்குன்றுக்கு ஒரு லேபிள்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஹெர்ஷெல் அனுப்பிய போட்டோவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேணக்குன்று, நடுவில் குதிரைச் சேணம் மாதிரி விழுந்த பள்ளம், கீழே சரிவு முழுக்கத் திராட்சை. கம்பி கிடையாது, பந்தல் கிடையாது. ஒவ்வொரு செடியும் தனித்தனிப் புதராகக் குந்தியிருக்கிறது. அறுபது வயசுத் தோட்டம். இலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அப்படியென்றால் இது பிப்ரவரியில் எடுத்த படம்.

இப்போது ஜூலை, எங்கள் கேப் டவுன் பக்கம் குளிர்காலம், செடியில் இலையே இருக்காது. எதற்குப் பிப்ரவரிப் படம்?

போட்டோவைப் பார்த்து நான் ஒயின் லேபிள் வரைவதில்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். மண்ணில் உட்கார்ந்து, குன்று எங்கே வளைகிறது, எந்தப் பாறை முதலில் வெயிலை வாங்குகிறது என்று கண்ணால் பார்க்காமல் எனக்குக் கோடு வராது. போன் போட்டேன். "நேரா போய் உக்காந்து வரையறேன், எந்தப் பக்கமா ஏறணும்?" என்றேன்.

"வேணாம் வில்மி. வழியெல்லாம் சேறு. உன் காரு சிக்கிக்கும். தெரோனுக்கும் வெளியாளு வந்தா ஆகாது."

தெரோன் அந்த நிலத்துக்காரர். ஹெர்ஷெல் அவரிடம் திராட்சை வாங்கி ஒயின் செய்கிறவன். அது சரி. ஆனால் நான் வெளியாளா? பண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவனோடு ஏழு வருஷம் படித்தவள் நான்.

ஜூலை 12, வெள்ளி

இன்றும் மழை. இன்றும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறான்.

ஜூலை 20, சனி

ஒப்புக்கு முன்னோட்டமாக இரண்டு படம் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். படத்தைக் காட்ட என்று சாக்கு. உண்மையில் வேவு பார்க்கத்தான் போனேன், இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

அவன் இல்லை. அவன் பெண்டாட்டி ஷார்லீன் பீன்ஸ் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். "உக்காருங்கக்கா, இப்ப வந்துடுவாரு" என்றாள். அவள் நல்ல பெண். பொய் சொல்ல வராது. அதனால் அவளிடம்தான் கேட்டேன்.

"கவாத்து முடிஞ்சுதா? சேணக்குன்று மேட்டுத் தோட்டத்துல?"

ஜூலையில் இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் கவாத்துதான். கிளை வெட்டி வெட்டி ஹெர்ஷெல் உட்பட ஆண்களின் கையெல்லாம் கீறலாக இருக்கும். ஷார்லீன் கரண்டியை எடுத்து, கிண்டத் தேவையில்லாத சூப்பைக் கிண்டினாள்.

"அவர்கிட்டயே கேளுங்கக்கா."

கதவுக்குப் பின்னால் கவாத்துக் கத்திரி ஆணியில் தொங்கியது. அலகில் துரு. இந்த வருஷம் அதை யாரும் கையில் எடுக்கவில்லை.

ஹெர்ஷெல் வந்தான். படத்தைப் பார்த்தான். "அருமை, அருமை" என்றான், பாதிகூடப் பார்க்காமல். அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

எனக்கு இவ்வளவு சந்தேகம் ஏன் என்று நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது. ஆற்று வளைவு லேபிள். பார்ல் ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு நான் வரைந்தது. ஆறு, நாணல், நீலக் கொக்கு. இரண்டு வாரம் ஆற்றங்கரையில் கொசுக்கடி வாங்கி வரைந்தேன். கடைசியில் பார்த்தால் புட்டிக்குள் இருந்தது எங்கேயோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து டேங்கர் லாரியில் வந்த ஒயின். பேப்பரில் போட்டார்கள். பண்ணைப் பெயரைப் போடப் பயந்துகொண்டு "வில்மினா ஃபெப்ருவாரி வரைந்த லேபிள்" என்று குடும்பப் பெயரோடு என் பெயரைப் போட்டார்கள். நாலு வருஷம் எவனும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. கல்யாண அழைப்பிதழும் தையல்கடை போர்டும் வரைந்து சாப்பிட்டேன்.

இந்த லேபிளின் ஓரத்திலும் என் பெயர் வரப்போகிறது. "இந்தச் சரிவில் விளைந்தது" என்று நான் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 27, சனி

தெரிந்துவிட்டது. ஐயோ, தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாம்ஸ்பரி சாலையில் ஃபிளிப் மூட்டை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஷார்லீனின் தம்பி, தெரோனிடம் டிராக்டர் ஓட்டுகிறவன், ஹெர்ஷெல் வீட்டுப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறான். மூட்டை எல்லாம் திராட்சைக் கட்டை. பிடுங்கிப் போட்ட செடியின் அடிக்கட்டையைக் காயவைத்து இறைச்சி சுட விற்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தக் கட்டைகள் என் தொடைக் கனம்.

"என்ன ஃபிளிப், டிராக்டர விட்டுட்டு விறகு யாவாரமா?"

"டிராக்டர்தான் விறகு குடுத்துச்சுக்கா. ஒரு மூட்டை தூக்கிப் போடவா? இப்பிடி ஒரு கட்டை இனிமே ஜென்மத்துக்கும் கிடைக்காது. கறிய வச்சீங்கன்னா தெருவே மணக்கும்."

"எந்தத் தோட்டத்துக் கட்டை?"

"நம்ம சேணக்குன்று மேட்டுதுதான். மே மாசமே பிடுங்கியாச்சே. ஆரஞ்சு வைக்கப் போறாராம் தெரோன். நான்தான் டிராக்டர் ஓட்டுனேன், மனசே வரல." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அடக் கடவுளே. அக்கா, மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வாயத் திறக்கக் கூடாதுன்னு ஒரே போடா போட்டிருக்காரு."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கார் டிக்கியிலேயே கிடக்கிறது. இறக்க மனசில்லை.

ஜூலை 28, ஞாயிறு

சர்ச் முடிந்து அதே செருப்போடு மேட்டுக்கு ஏறினேன். சேறுமில்லை ஒன்றுமில்லை. வழி நன்றாகத்தான் இருந்தது.

குழிகள். சரிவு முழுக்க, வரிசை வரிசையாக, மழைத் தண்ணீர் நின்ற குழிகள். ஒரு செடி இல்லை. அரை மணி நேரம் நின்றேன்.

அப்படியானால் அவன் ஒயின் தொட்டியில் இருக்கிறது யாருடைய திராட்சை?

ஜூலை 30, செவ்வாய்

கேட்டுவிட்டேன். ஒயின் கிடங்கில் அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் மூலையில், அந்த ஒரே ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து.

"மேட்டுத் தோட்டம் எங்கடா?"

முகம் வெளுத்துப்போனது. "அங்க எதுக்குப் போன? போகாதன்னு சொன்னேன்ல?"

"தொட்டில என்ன இருக்கு ஹெர்ஷெல்?"

"ஒயின் இருக்கு. வேறென்ன, சாராயமா இருக்கும்?"

"எந்தத் தோட்டத்து ஒயின்?"

"சேணக்குன்று ஒயின். போன பிப்ரவரி பறிச்சது. நம்பு, நம்பாம போ."

"ஏதாவது சீட்டு கீட்டு இருந்தா காட்டு."

அவ்வளவுதான். உச்சந்தலைக்கு ஏறிவிட்டது அவனுக்கு. "நீ யாரு, போலீஸா? இருபது வருஷம் கண்டவன் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவியிருக்கேன். ஒரு நாளாவது நான் திருடினேன்னு எவனாவது சொல்லியிருக்கானா? நீ சொல்றியா? நீ?"

உண்மை சொல்கிறவன் எதற்கு இப்படிக் கத்த வேண்டும்? சீட்டு இருந்தால் எடுத்து முகத்தில் எறியலாமே. ஏன் எறியவில்லை?

ஆகஸ்ட் 1, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். பறித்தது உண்மையென்றால் பிடுங்கியதை மறைப்பானேன்? மறைக்கிறான் என்றால் பறித்ததும் பொய்தான். இப்படிப் பார்த்தாலும் பொய், அப்படிப் பார்த்தாலும் பொய்.

ஆனால் ஹெர்ஷெல். பள்ளி விடுதியில் அரிசி மூட்டையில் கைவைத்ததற்கு என்னை அடிக்க வந்த வார்டனிடம் "நான்தான் சார் எடுத்தேன்" என்று பொய் சொல்லி அடி வாங்கியவன். பொய் சொல்லத் தெரிந்தவன்தான். அது எனக்காக. இது யாருக்காக?

ஆகஸ்ட் 2, வெள்ளி

மார்லூஸ் அம்மா போனில் கூப்பிட்டார். கேப் டவுனில் இருக்கிற ஹாலந்துக்காரி. ஹெர்ஷெலின் இரண்டாயிரத்து நானூறு புட்டியையும் மொத்தமாக அவர்தான் வாங்குகிறார். செப்டம்பரில் கப்பல். அது போகாவிட்டால் ஹெர்ஷெல் அந்தத் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி எவனோ ஒருவனிடம் தொட்டி கழுவக் குழாய் பிடிக்கப் போக வேண்டியதுதான்.

"படம் எப்ப முடியும்மா? அந்தச் செடிங்க நல்லாப் பெருசா தெரியணும். அதைக் காட்டித்தான் நான் அங்க விக்கப் போறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "ஒண்ணு கேக்கணும்மா. அந்தத் தோட்டம் இன்னும் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

சும்மாவா! யார் சும்மா அப்படிக் கேட்பார்கள்?

என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான். நான் குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. கேள்விதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மார்லூஸ் அம்மா நேற்றுக் காரில் வந்து மேட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆர்டர் ரத்து.

சாயங்காலம் ஹெர்ஷெல் என் வீட்டுக்கு வந்தான். மழையில் நனைந்திருந்தான், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தால் வாங்கவில்லை. மேசை மேல் ஒரு கவரைக் கொட்டினான். கிடங்கு வாசலில் எடை போட்ட சீட்டுகள். பிப்ரவரி பதிமூன்று, பதினாலு. சேணக்குன்று மேடு. தெரோன் கையெழுத்து. திராட்சை பறித்த சர்ச் ஆட்கள் கூடையோடு நிற்கிற போட்டோ. ஒயின் எந்தத் தோட்டத்தது என்று சரிபார்க்கிற அலுவலகம் எல்லாம் சரி என்று கொடுத்த கடிதம்கூட.

"பாரு. அன்னைக்கே காட்டியிருக்கணும். நீ கேட்ட விதத்துல எனக்கு வீம்பு வந்துருச்சு."

உண்மை. அத்தனையும் உண்மை. அந்தச் சரிவின் கடைசித் திராட்சை அது.

"அப்புறம் ஏண்டா மறைச்ச?" என்றேன்.

"அந்தம்மா மூணு வருஷத்துக்கு வேணும்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் செடியே இல்லன்னு சொன்னா இந்த வருஷத்தையும் எடுக்க மாட்டாங்க. முதல் கப்பல் போகட்டும், பணம் வந்ததும் வேற தோட்டம் பாத்து, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஏமாத்துனதுதான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒயின்ல ஏமாத்தல."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான். "யாரு போட்டுக் குடுத்தான்னு தெரியும். அந்த ஃபிளிப் நாய். ரோட்டுல கட்டைய அடுக்கி வச்சு வித்துக்கிட்டு இருந்தானாமே. ஊரே பாத்திருக்கு."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே. வாய் திறந்தேன், "இன்னொரு டீ போடவா" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எங்கள் நாட்டுப் பெண்கள் தின விடுமுறை. நல்ல நாள் பார்த்துக் கோழையாகியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச் விட்டதும் ஷார்லீன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க வந்து சொன்னா கேப்பாரு அக்கா. தம்பிய வெளிய போடான்றாரு."

முற்றத்தில் ஃபிளிப்பின் மெத்தையும் ஒரு பையும் கிடந்தன. ஹெர்ஷெல் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "யார்கிட்ட சொன்ன? ஒரு பேரு சொல்லு. சொல்லுடா!"

ஃபிளிப் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. வில்மி அக்காகிட்ட சொன்னேன், வேறு யார்கிட்டயும் இல்லை என்றால் முடிந்தது கதை.

"யார்கிட்டயும் சொல்லல மச்சான்" என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

மெத்தையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். மூர்ஸ்பர்க்கில் அவன் அத்தை வீடு இருக்கிறது. ஷார்லீன் புருஷனிடம் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை? என்னவோ கணக்கு வைத்திருக்கிறான். நாளைக்கோ அடுத்த வாரமோ வருவான், "அக்கா, நான் உங்களைக் காப்பாத்தினேன்ல" என்று ஆரம்பிப்பான். என்ன கேட்பான்? எவ்வளவு கேட்பான்?

ஆகஸ்ட் 12, திங்கள்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஃபிளிப் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன்தான் என்று நினைக்கிறேன்.

ஹெர்ஷெல் மட்டும் நாள் தவறாமல் வருகிறான். வீட்டில் பேச ஆளில்லையாம். என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு மச்சானைத் திட்டுகிறான். "கூடவே வச்சு சோறு போட்டேன் வில்மி." நான் தலையாட்டுகிறேன். தலையாட்டுகிறேனே, பாவி.

ஆகஸ்ட் 17, சனி

பொறுக்க முடியாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். குழிக்கும் குழிக்கும் நடுவில் பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்தேன். இருப்பதை வரைந்தேன். மேலே குன்று, அதன் பள்ளம். கீழே செடியே இல்லாத சரிவு, வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு வானம். அடியில் ஒரே வரி: "இந்தச் சரிவின் கடைசி அறுவடை."

என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல லேபிள் வரைந்ததில்லை. அது எனக்கே தெரிகிறது. அதை அவனிடம் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் மற்றதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் நான் மனுஷியே இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கிடங்கில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். படத்தை முதலில் காட்டவில்லை. "மார்லூஸ் அம்மாகிட்ட சொன்னது ஃபிளிப் இல்ல. நான்" என்றேன்.

குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்போ?"

"ரெண்டாம் தேதி. அவங்களே கூப்பிட்டாங்க. நான் கேட்டேன், தோட்டம் இன்னும் இருக்கான்னு."

"அது இல்லன்னு உனக்குத்தான் தெரியுமே. அப்புறம் என்ன கேள்வி?"

இத்தனை நாள் "கேள்விதான் கேட்டேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வரியில் அடித்துப் போட்டுவிட்டான்.

"என் பேரு போயிடும்னு பயந்துட்டேன் ஹெர்ஷெல். மறுபடியும் அப்படி ஆயிடுமோன்னு. மன்னிச்சுடு. ஃபிளிப் என்கிட்ட மட்டும்தான் சொன்னான். அதுவும் வாய் தவறித்தான்."

"பதினெட்டு நாள் வில்மி" என்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "பதினெட்டு நாள் மறைச்சிருக்க. நான் அவனத் திட்டத் திட்ட நீ எனக்கு டீ ஊத்திக் குடுத்திருக்க."

குழாயை மூடினான். படத்தைத் தொட்டி மேல் வைத்தேன். அதைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூர்ஸ்பர்க் சாலைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஒரு தகவலும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

ஷார்லீன் போன் செய்தாள். அவள்தான், அவன் இல்லை. குரலில் பழைய "அக்கா" இருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி இருந்தது. ரீபீக் பக்கத்து ஒயின் கடைக்காரர் ஒருவர் குழி போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அறுநூறு புட்டி கேட்டிருக்கிறாராம். கேப் டவுன் ஓட்டல் ஒன்றும் கேட்கிறதாம். கப்பல் அளவுக்கு இல்லை, ஆனால் தொட்டி வாடகைக்குப் போதும். "அதையே அச்சடிக்கச் சொன்னாருக்கா. எதையும் மாத்த வேணாமாம்."

"வேற ஏதாவது சொன்னானா?"

"இல்லக்கா."

பார்ல் அச்சகத்தில் கேட்டார்கள், ஓரத்தில் உங்கள் பெயர் எந்த எழுத்தில் வரவேண்டும் என்று. வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 5, சனி

இன்று லேபிள் ஒட்டுகிறார்கள் என்று கடையில் சொன்னார்கள். சின்னக் கிடங்குகளில் கையால்தான் ஒட்டுவது. குடும்பம், சர்ச் ஆட்கள், எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்து, நடுவில் வறுத்த மீனும் ரொட்டியும் வைத்துக்கொண்டு. லேபிள் வரைந்தவர் கையால் முதல் புட்டிக்கு ஒட்டச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நினைத்ததே என் திமிர்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வண்டி என் தெரு வழியாகத்தான் போனது. வேறு வழி கிடையாது. நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெர்ஷெல் நேராக ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். ஷார்லீன் கையைத் தூக்கி, பிறகு முடியைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டாள். பின்னால், பெட்டிகளுக்கு நடுவில் ஃபிளிப். போன மாதமே திரும்பி வந்துவிட்டானாம், அதே அறைக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டு, விழுந்துவிடுவானோ என்கிற அளவுக்கு இரண்டு கையையும் ஆட்டினான். "அக்கா! வில்மி அக்கா!"

எட்டு வாரமாக ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், இவன் வந்து என்னிடம் என்ன கேட்கப் போகிறானோ என்று. இவன் ஒன்றுமே கேட்கப் போவதில்லை. ஈரத் துணியை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன்.